காரணம் என்ற பத்தி

டிசம்பர், எழுபத்தொன்று. பம்பாய்.
டாக்யார்டில் ஆயுதக் கிடங்கின் ஜன்னல்
ஒரு முழ அகலம்.
பல்புக்குக் கறுப்புக் காகிதச் சட்டை போட்டுவிட்டார்கள்.
பேரேட்டின் மேல் மட்டும்
ஒரு தோசை அளவு வெளிச்சம்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாது.
கைதான் வரும். கையைப் பார்த்து ஆளைச் சொல்வேன்.
கட்டைவிரலில் தூண்டில் முள் கிழித்த தழும்பென்றால்
சூசை ரொட்ரிகோ, தூத்துக்குடி.
அவன் படகு போன மாதம்வரை சுங்கத்துறையில் இருந்தது.
சாம்பல் பெயின்ட் இன்னும் உள்ளங்கையில் ஒட்டும்.
பத்திரிகையில் படம் வருகிற படகு அல்ல.
அவையெல்லாம் வடக்கே போயிருப்பதாகக்
கேன்டீனில் காதில் விழுந்தது.

முந்நூற்று மூன்று ரைஃபிள் நான்கு.
பிரென் ஒன்று, அதன் மகசின்கள் ஆறு.
ஒளிக்குண்டு பிஸ்டல் ஒன்று,
சிவப்பில் ஆறு, பச்சையில் ஆறு.
ஸ்டென் இரண்டு. அது கைதவறி விழுந்தாலே வெடிக்கும்,
கொதிக்கிற ரசச் சட்டி மாதிரி
இரண்டு கையாலும் நீட்டுவேன்.

அப்புறம் நிரோத் ஒரு பெட்டி.
குழல் வாயில் மாட்டினால் உப்புத் தண்ணீர் ஏறாது.
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
மேலே கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.
“உறை, ரப்பர்” என்று நானே போட்டுக்கொண்டேன்.

ஏழாம் தேதி விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு
எல்லாம் திரும்பி வந்தன.
எண்ணினேன். தோட்டா ஒன்று குறைந்தது.
ஒரு ரைஃபிளின் வாயில் உறை கிழிந்து தொங்கியது.

“என்னடா?”
“பெரிஸ்கோப்னு நெனச்சோம்.”
“என்ன அது?”
தழும்புக் கை ஜன்னல் கட்டையைக் கொஞ்சம் தட்டியது.
“தெரியல. முங்கிப்போச்சு.”

காரணம் என்ற பத்தி இரண்டு அங்குலம்தான்.
“எதிரி என ஐயம்” எழுதினேன்.
அளவாக உட்கார்ந்தது.

பதினொன்றாம் தேதி
காவல்காரன் ஒரு பெண்ணை அழைத்துவந்தான்.
ஹிராபாய் நாக்வா, கொலாபா கோளிவாடா.
தலையில் மரப்பீப்பாய், வலைக்கு மிதவை.
ஜன்னலுக்குள் நுழையாது, எனவே
கிடங்கைப் பூட்டிக்கொண்டு நான்தான் வெளியே வந்தேன்.

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை முதலில்.
ஒரு பக்க ஓட்டையில் சுண்டுவிரலை விட்டாள்.
பீப்பாயைத் திருப்பி
மறுபக்க ஓட்டையில் கட்டைவிரலை விட்டாள்.
பிறகு மராத்தியில் சொன்னாள்:
மிதவை போனதும் வலை சாய்ந்தது,
ஒரு ராத்திரி பொம்பில் முழுக்கப் போச்சு,
பாகிஸ்தான்காரன் என்றால் விட்டுவிடுவேன்,
இது யார் சுட்டது?

அதற்கு என்னிடம் படிவம் இல்லை.
எனக்கு மராத்தி தெரியும்,
அன்றைக்கு மட்டும் தெரியாதவன் போல நின்றேன்.

பின்வாசலில் காலி எண்ணெய் பீப்பாய்கள் கிடந்தன,
விலாவில் கடற்படையின் நங்கூர முத்திரையோடு.
ஒன்றை உருட்டிக் கொடுத்தேன்.
“கசிவு, தள்ளுபடி” என்று எழுதினேன்.
அவள் கைநாட்டு வைக்க வேண்டுமா என்றாள்.
வேண்டாம் என்றேன். ஆனாலும் வைத்தாள்,
பேரேட்டின் அட்டையில், எண்ணெய் பிசுக்கோடு,
எந்தப் பத்தியிலும் சேராமல்.

அன்று இரவும் அதே ரைஃபிள் ரொட்ரிகோவுக்கே போனது.
துடைத்தும் கந்தக வாடை போகவில்லை,
அல்லது என் விரலில் இருந்ததோ.
பீப்பாய் கதையை நான் சொல்லவில்லை.

போர் முடிய இரண்டு நாள் இருக்கும்போது
அவனே சொன்னான்:
“பிராங்ஸ் லைட்டுக்கு அந்தாண்ட
ஒரு பீப்பாய் மிதந்துது, நம்ம சரக்காம்.”

முத்திரை தெரிந்ததா என்றேன்.

“இருட்டுல முத்திரை எங்க தெரியும்.
விடிஞ்சு பாத்தாத்தான் தெரிஞ்சுது.
ராத்திரி பூரா குறி பாத்துக்கிட்டே கிடந்தோம்,
நகரவே இல்ல.”

ஜன்னல் வழியே ரைஃபிளை நீட்டினான்.
எண்ணினேன். சரியாக இருந்தது.
கைதான் லேசாக நடுங்கியது,
அது குளிராகவும் இருக்கலாம்.